பட்டம் யாருடையது?

ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாக் காலம் வந்தவுடன் நம் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஒரு புதுக் களை தோன்றுகிறது. கறுப்பு அங்கி தரித்து, சதுரத் தொப்பி வைத்து, கையிற் சுருட்டிய தாளோடு நிற்கும் மகனுடைய அல்லது மகளுடைய படம் வீட்டு முன்சுவரில், தெய்வப் படங்களுக்கும் தலைவர் படங்களுக்கும் சமமான உயரத்தில் ஏறிவிடுகிறது. வந்தவர் போனவரெல்லாம் அதைப் பார்க்கின்றனர். தாய் அதன் தூசியைத் துடைக்கிறாள். இவ்வளவு மதிப்புக்குரிய அவ்விழா எங்கே பிறந்தது, எவ்வழியாக நம்மிடம் வந்தது, அதற்காகச் செலவிட்டவர் யாவர் என்பவற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. தோட்ட அலுவலகத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு, எந்த வரவைக் கண்டாலும் அதற்குரிய பற்று எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடும் பழக்கமுண்டு. அந்தப் பழக்கத்தால் எழுந்த கேள்வியே இக்கட்டுரையின் தலைப்பு. பட்டம் யாருடையது? பெற்றவருடையதா, பெற்றோருடையதா, அன்றி வேறு எவர்க்கேனும் அதிற் பங்குண்டா?

சொல்லின் வரலாறு

பட்டம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நெற்றியிற் கட்டும் பொற்றகட்டை நம் முன்னோர் பட்டம் என்றனர். அரசனை அரியணையில் ஏற்றுதல் பட்டங்கட்டுதல் எனப்பட்டது. அரசன் தனக்குத் தொண்டு செய்தார்க்குப் பட்டப் பெயர் வழங்குதலும் பழைய வழக்கம். படைத் தலைவர்க்கு ஏனாதி என்றும், அமைச்சர் முதலியோர்க்குக் காவிதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும் பெயர் கொடுத்து, மோதிரமும் பொற்பூவும் அளித்த செய்திகளைப் பழைய நூல்களிலும் உரைகளிலும் காண்கிறோம்.

நாம் வாழும் இந்நிலத்தின் பெயரே ஒரு காலத்திற் பட்டமாக விளங்கியது. 1025ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து படையெடுத்த முதலாம் இராசேந்திர சோழன், ‘கடாரங்கொண்டான்’ என்னும் பெயர் பூண்டான். கடாரம் என்பது நம் கெடாவே என்பது வரலாற்றறிஞர் பலரின் முடிபு. பூஜாங் பள்ளத்தாக்கிற் கண்டெடுக்கப்பட்ட பழைய கட்டடங்களின் அடித்தளங்கள், அக்காலத்தில் இக்கரை எத்துணைப் பெரிய வாணிகத் துறையாயிருந்தது என்பதை இன்றும் காட்டுகின்றன. இராசேந்திரன் பெற்ற பட்டம் வாளால் வந்தது. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து இதே கரைக்கு வந்து ரப்பர்க் காட்டில் இறங்கிய தமிழன் கையில் இருந்ததோ பால் வெட்டும் கத்தி. அவனுடைய பேரப்பிள்ளைகள் பெறும் பட்டம் ஏட்டால் வருகிறது. இவற்றுள் எது பெரிது என்பதை வாசகரே தீர்மானித்துக் கொள்ளலாம்.

கற்றோரைத் தேர்ந்து ஒப்புக்கொள்ளும் முறையும் தமிழரிடம் இருந்தது. நூல் செய்தவன் அதை அறிஞர் அவையில் அரங்கேற்றினான். அவை ஒப்பினால் நூல் நின்றது. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: கூலவாணிகன் சாத்தனார், மருத்துவன் தாமோதரனார், அறுவை வாணிகன் இளவேட்டனார். பெயருக்கு முன்னே தொழிலை வைத்துச் சொல்லக் கூசாத காலம் அது. தானியம் விற்றவரும் துணி விற்றவரும் புலவராக மதிக்கப்பட்டனர். பெண்பாற் புலவரும் பலர் இருந்தனர். பின்னாளிலோ, பிறப்பைக் கேட்ட பிறகே கல்விக் கதவைத் திறக்கும் வழக்கம் வந்து சேர்ந்தது. ஏடு சிலர் வீட்டுப் பரணிலே தங்கிவிட்டது. ஏர் பிடித்தவனுக்கும் பறை அறைந்தவனுக்கும், எந்தக் குலத்திற் பிறந்தாலும் பெண்ணுக்கும், எழுத்து எட்டாக் கனியாயிற்று. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களிற் பெரும்பாலோர் அக்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே.

மேனாட்டிற் பிறந்த முறை

நிற்க. இன்று நாம் காணும் பட்டமளிப்பு விழா ஐரோப்பாவிற் பிறந்தது. இத்தாலியிலுள்ள பொலோனா, பிரான்சிலுள்ள பாரிஸ், இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்ட் ஆகிய ஊர்களில் 11, 12ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி ஆசிரியரும் மாணவரும் கூடிச் சங்கங்களாக அமைந்தனர். கொல்லர்க்கும் தச்சர்க்கும் தொழிற் சங்கங்கள் இருந்தது போலக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் அமைந்த சங்கமே பல்கலைக்கழகம். தச்சுத் தொழில் பழகுபவன் ஆண்டுகள் பல உழைத்து, மூத்தோர் முன் தன் திறங்காட்டிய பின்னரே தனியே தொழில் நடத்தலாம். அதுபோலவே மாணவனும் மூத்த ஆசிரியர் முன் வாதித்து வென்ற பின்னரே பிறர்க்குக் கற்பிக்கலாம். பாரிஸ் நகரில் அவனுக்குக் கிடைத்த உரிமைக்குக் ‘கற்பிக்கும் அனுமதி’ என்பதே பெயர். பொலோனாவிற் புது அறிஞன் கையிற் புத்தகம் கொடுத்து, விரலில் மோதிரம் இட்டு, தலையில் தொப்பி வைத்தனர்.

அக்காலக் கற்றோர் பெரும்பாலும் சமயத் துறையினர். ஆதலின் அவர்தம் நீண்ட அங்கியே கல்வியின் உடையாயிற்று. குளிர் மிகுந்த கற்கட்டடங்களில் அவ்வங்கி போர்வையாகவும் உதவியது. நம் நாட்டு வெயிலில் அதைத் தரித்து வியர்வை வடிய நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு ஓரளவு ஆறுதல் தரக்கூடும்!

இவற்றினும் முக்கியமான செய்தியொன்று உண்டு. அந்நாளில் மாணவன் முதலிற் கற்றது ‘கலைகள்’ என்னும் பகுதியே. இலக்கணம், சொல்லாற்றல், தருக்கம் என மூன்றும், எண், வடிவியல், இசை, வானூல் என நான்குமாக ஏழு கலைகள் அதில் அடங்கும். அவற்றைக் கடந்தவனே சமய நூலுக்கும் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் உரிய மேற்பகுதிகளை அடையத்தக்கவன் என்பது பாரிஸ் முதலிய இடங்களில் இருந்த ஒழுங்கு. மொழியைத் தெளிவாகக் கையாளவும் ஒழுங்காக எண்ணவும் அறியாதவனிடம் உயிரையும் வழக்கையும் ஒப்படைக்கலாகாது என்று அவர்கள் கருதினர். கலைப் பட்டத்தைக் கடைசிப் பட்டமாக எண்ணும் நம்மவர் இதனைச் சிந்திக்க வேண்டும். அது முதற்படியாக வைக்கப்பட்டது. அப்படியின்மேலேயே மற்றவை நின்றன.

சென்னையிலும் கல்கத்தாவிலும்

1857ஆம் ஆண்டிற் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஆங்கில ஆட்சியினர் பல்கலைக்கழகங்களை நிறுவினர். சர்வகலாசாலை என்பது அக்காலத்தவர் அதற்கு வழங்கிய பெயர். சென்னையில் முதன்முதல் பி.ஏ. பட்டம் பெற்றவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். வட்டுக்கோட்டைக் குருமடத்திற் பயின்றவர்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. 1858இல் அவர்கள் பெற்ற பட்டமே தமிழ்நாட்டுப் பட்டதாரி வரிசையின் தொடக்கம்.

அப்பட்டத்தைக் கொண்டு தாமோதரம் பிள்ளை அரசாங்க உத்தியோகம் பார்த்தார்; நீதிபதியாகவும் இருந்தார். அவ்வளவோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. செல்லரித்துக் கொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து, ஒப்பிட்டு, பிழை களைந்து, அச்சேற்றினார். 1881இல் வீரசோழியமும், 1887இற் கலித்தொகையும், 1889இற் சூளாமணியும் அவர் பதிப்பாக வெளிவந்தன. தொல்காப்பியப் பதிப்பிலும் அவர் உழைப்பு பெரிது. கற்பிக்கும் அனுமதி என்று ஐரோப்பியர் சொன்னதன் பொருளை அவர் தம் வாழ்நாளில் நிறைவேற்றினார். தாம் ஏறிய மேடைக்குரிய கூலியைத் தமிழுக்குச் செலுத்திவிட்டார் என்றும் சொல்லலாம்.

பட்டமே பெறாத பேரறிஞரும் இருந்தார். உ. வே. சாமிநாதையர் கல்லூரியிற் படித்துத் தேறியவரல்லர். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். அவருக்கு 1932இற் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. அன்று பெருமை பெற்றது அவரா, பல்கலைக்கழகமா என்று கேட்டால் இரண்டாவதே சரியான விடை.

பெண்களின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சந்திரமுகி பாசு, காதம்பினி என்னும் இரு வங்கப் பெண்மணிகள் 1883இற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றனர். ஆங்கிலேயர் தம் அறிவுக்கு ஊற்றாகப் போற்றிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமோ, பெண்களைப் பல்லாண்டுகள் பரீட்சைக்கு உட்காரவைத்து, அவர்கள் தேறிய பின்னும் முழு உரிமையுள்ள பட்டத்தை 1948 வரை மறுத்து வந்தது. கல்கத்தாவுக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் பிந்தியே கேம்பிரிட்ஜ் விழித்தது. மேனாட்டார் செய்வன யாவும் முற்போக்கு என்று நம்புவோர் இக்கணக்கை நினைவில் வைப்பாராக.

மலாயாவில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1905இற் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அது வேண்டுமென்று விண்ணப்பித்த மக்களிடமே பணம் திரட்டச் சொல்லியது அரசாங்கம். தான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெரியார் முன்னின்று 87,077 வெள்ளி சேர்த்தார். அதில் 12,000 வெள்ளி அவர் கொடுத்தது. கலையும் அறிவியலும் கற்பிக்க எழுந்த ராபிள்ஸ் கல்லூரி 1928இற் பாடந் தொடங்கி 1929இல் முறையாகத் திறக்கப்பட்டது. அதன் மண்டபத்துக்கு, ஒன்றரை இலட்சம் வெள்ளி கொடுத்த ஜாவா சர்க்கரை வணிகர் ஓய் தியோங் ஹாம் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது.

ஆயினும் ராபிள்ஸ் கல்லூரி பட்டம் வழங்கவில்லை. மூன்றாண்டு கலை பயின்றவர்க்கும் டிப்ளோமா என்னும் சான்றிதழே கிடைத்தது. பட்டம் வேண்டின் கடல் கடக்க வேண்டும். அரச குடும்பத்தாருக்கும் செல்வருக்கும் அது இயன்றது. அலோர் ஸ்டாரிற் பிறந்த துங்கு அப்துல் ரகுமான் 1925இற் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் பெற்றார். இயலாதோர் இங்கேயே டிப்ளோமாவுடன் நின்றனர். 1938இல் வந்து ஆராய்ந்த குழுவும் மலாயாவுக்கு முழுப் பல்கலைக்கழகம் தர இன்னுங் காலம் வரவில்லை என்றே கருதியது.

பின்பு யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியும் வந்தது. ஆள்வோரின் வலிமையைப் பற்றி மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை சிதைந்தது. 1947இல் வந்த கார்-சாண்டர்ஸ் குழு, இடைப்படி எதுவும் தேவையில்லை, உடனே பல்கலைக்கழகம் அமைக்கலாம் என்றது. மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாகி, 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரிற் பிறந்தது. மால்கம் மெக்டோனால்ட் அதன் முதல் வேந்தரானார். அடுத்த ஆண்டு முதற் பட்டமளிப்பு விழா நடந்தது. மலாயா மண்ணில் நின்றே மலாயாவின் பிள்ளை பட்டம் பெறும் காலம் இவ்வாறு வந்தது.

தோட்டத்தில் அந்நாள்

அவ்விழா மேடைக்கும் நம் லயத்துக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு? கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி என்று இருக்க வேண்டும் என்றதே தவிர, அது எப்படியிருக்க வேண்டும் என்பதில் அக்கறை குறைவு. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும். பல தோட்டங்களிற் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். காலையிற் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் அனுப்பியவரே பின்பு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். என் தொழில் முன்னோர் செய்த அப்பணியைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லாவிடில் அந்த எழுத்தும் இல்லை. ஆனால் அக்கல்வி பால்மரக் காட்டின் எல்லையோடு முடிந்தது. பல்கலைக்கழகத்தில் நுழைய ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில். பட்டணத்துக்குப் போகப் பேருந்துக் காசும் பள்ளிச் சம்பளமும் சீருடையும் வேண்டும்.

காசு லயத்தில் இல்லாமற் போனதற்குக் குறைந்த கூலி முதற் காரணம். கள்ளுக்கடை இரண்டாங் காரணம். இதை வெளியார் சொல்லுமுன் கெடாத் தொழிலாளரே உணர்ந்தனர். ஹார்வர்ட் என்றால் உலகத்தார் 1636இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை நினைப்பர். நம் வட்டாரத்தாரோ பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை நினைப்பர். அத்தோட்டத்திலே 1946இல் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையை அமைத்தார். தொழிலாள இளைஞர் அதிற் சேர்ந்து ஒழுங்கு பழகினர். குடியை விடுமாறு லயந்தோறும் பேசினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்திற் காவலரோடு மோதல் நேர்ந்தது. உயிர்ச் சேதமும் உண்டாயிற்று. அப்படை அடக்கப்பட்டது. ஆனால் குடிக்குப் போகுங் காசு குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அதன் பேச்சு லயங்களில் நிலைத்தது. அமெரிக்க ஹார்வர்ட் பட்டம் கொடுத்தது. நம் ஹார்வர்ட், பட்டத்துக்கு ஏங்கும் தகுதி தனக்கும் உண்டு என்ற எண்ணத்தைத் தொழிலாளிக்குக் கொடுத்தது.

பெயரில்லாக் கொடையாளர்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்தியவியல் துறை நிறுவப்பட்டது. அதிற் கற்பிக்கப்படும் மொழி எது என்பது பற்றி வாதம் எழுந்தது. வடமொழிக்கு முதலிடம் என்று ஒரு கருத்து. இந்நாட்டு இந்தியரிற் பெரும்பாலோர் பேசும் தமிழுக்கே முதலிடம் என்பது மக்கள் கருத்து. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, தமிழுக்காகக் குரல் எழுப்பியதோடு நில்லாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். வணிகர் கொடுத்தனர், ஆசிரியர் கொடுத்தனர், பட்டணத்திலும் தோட்டத்திலும் உழைத்தோர் தம்மால் இயன்ற சிறு தொகைகளைக் கொடுத்தனர். தமிழ் பல்கலைக்கழகத்திற் பாடமாயிற்று.

கொடுத்தவர்களிற் பலர் அப்பல்கலைக்கழகத்தைக் கண்ணாற் கண்டதில்லை. தம் பிள்ளைகள் அங்கே போவார்கள் என்ற உறுதியும் அவர்களுக்கில்லை. சர்க்கரை வணிகரின் பெயர் மண்டபத்தில் நிற்கிறது, அது தகும். பால்வாளி சுமந்த கையால் வந்த வெள்ளிக்கு எந்தச் சுவரிலும் பெயரில்லை. நான் தேடிய பற்றுக் கணக்கு இதுவே.

1959இல் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயக அடிகள் வந்து அதற்குத் தலைமை தாங்கினார். 1962 ஜனவரி முதல் நாள் மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் தனித்தனியாயின. கோலாலம்பூரில் நிலைத்த மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அவ்வாண்டு முதல் வேந்தரானவர் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். ஒரு காலத்திற் கூலிமில் மாவட்ட அதிகாரியாயிருந்த அதே கெடாக்காரர். அவரைக் குறித்துத் துங்கு வேந்தர் மண்டபம் என்று பெயர் பெற்ற பெருமண்டபம் 1966இல் எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், அடிகளின் முயற்சியால், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிற் கூடியது. துங்கு அதைத் தொடங்கி வைத்தார். பல நாட்டு அறிஞர் தமிழைப் பற்றி ஆராய்ந்து பேச மலாயாத் தலைநகரைத் தேடி வந்தனர். பத்தாண்டுகட்கு முன் தொழிலாளரின் சில்லறை தாங்கிய துறை, உலகத்தைத் தன் வாசலுக்கு அழைத்தது.

2001இல் அம்மண்டபம் தீக்கிரையாயிற்று. பின்பு மீண்டும் கட்டப்பட்டது. அந்தத் துறையிலும் அந்தக் கலைப் புலத்திலும் படித்துப் பட்டம் பெற்ற தோட்டப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியராகவும், தலைமையாசிரியராகவும், எழுத்தாளராகவும், பத்திரிகையாளராகவும் விளங்குகின்றனர். நம் பிள்ளைகள் தமிழிலேயே ஆய்வேடு எழுதிப் பல்கலைக்கழகப் பட்டம் பெறலாம் என்ற நிலை இந்நாட்டில் இருக்கிறது. அது தானாக வந்ததன்று.

இன்றைய நிலை

இன்று நம் வாசலிலேயே பல்கலைக்கழகம் உண்டு. 2001இல் தோன்றிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் சுங்கைப் பட்டாணிக்கு அண்மையில், செமிலிங்கில் இருக்கிறது. கடாரங்கொண்டானின் படை வந்ததாகச் சொல்லப்படும் பள்ளத்தாக்குக்கு அருகே நம் பிள்ளைகள் மருத்துவராகின்றனர். மகிழ்ச்சி. அதே வேளையில், ஒரு பிள்ளை தமிழோ வரலாறோ படிக்கப் போகிறேன் என்றால், “அது சோறு போடுமா?” என்ற கேள்வி வீட்டில் உடனே எழுகிறது.

அக்கேள்வியை நான் எள்ளமாட்டேன். சோற்றுக்கு வழி தேடிக் கடல் கடந்தவரின் பேரர் கேட்கும் கேள்வி அது. 1997இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் திட்டத்தால் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் படிக்க முடிந்தது உண்மை. அங்கி கழற்றிய நாள் தொடங்கிக் கடன் தலைமேல் நிற்பதும் உண்மை. மாதச் சம்பளம் சிறிதெனில் அக்கடன் பெரிதாகத் தோன்றும். ஆகவே கலை பயிலும் பிள்ளை வேலைக்குரிய திறனையும் உடன் பயில வேண்டும். மொழி மூன்றையும் பிழையின்றி எழுதப் பழக வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பது பெரியவர் பொறுப்பு.

ஆனால் யாருமே தமிழும் வரலாறும் படிக்கவில்லையென்றால் என்ன ஆகும்? ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாயின. செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறுகின்றன. லயங்கள் இடிகின்றன, கோயில்களும் பள்ளிகளும் இடம்பெயர்கின்றன. பழைய பெயர்ப் பதிவேடுகளைக் கறையான் தின்கிறது. மருத்துவர் நம் உடலைக் காப்பார். பொறியாளர் நம் பாலத்தைக் காப்பார். இத்தோட்டத்தில் யார் வாழ்ந்தார், எந்தக் கூலிக்கு உழைத்தார், பிள்ளையைப் படிக்கவைக்க எதை விட்டார் என்பதை எழுதிவைக்கப் போவது கலை பயின்றவனே. அவனும் இல்லையாயின், நாம் இங்கே இருந்ததற்கே சாட்சி இராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழாவன்று பிள்ளை தரிக்கும் அங்கி பெரும்பாலும் இரவல். படம் எடுத்து முடித்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக வட்டிக்கு வாங்கி விருந்து வைப்பதும், தெருவடைத்துப் பதாகை கட்டுவதும் நம்மிடையே வளர்கின்றன. பெற்றோரின் மகிழ்ச்சியை யாரும் தடுக்கலாகாது. இருவருக்கே இடமுண்டென்று அழைப்பிதழ் வரும்போது, தாத்தாவையா பாட்டியையா விட்டுப் போவது என்று கலங்கும் குடும்பங்களை நான் அறிவேன். ஆனால் கடன் பட்டுப் படித்த பிள்ளையின் தலையில் விருந்துக் கடனையும் ஏற்றுவது அன்பாகாது.

செய்யத்தக்கவை

பட்டதாரிக்கு இரண்டு கடன் உண்டு. ஒன்றுக்கு அலுவலகம் உண்டு, கணக்கு எண் உண்டு, நினைவூட்டுக் கடிதம் வரும். மற்றொன்றுக்கு இவையெதுவும் இல்லை. மண்டபத்திற் பெயரில்லாமற் கொடுத்தவர்க்கும், மறியலில் அடிபட்டவர்க்கும், கொட்டகைப் பள்ளியில் அரிச்சுவடி சொன்னவர்க்கும் பட்ட கடன் அது. தாமோதரம் பிள்ளை தீர்த்தது போல அதைத் தீர்க்க அவரவர்க்கு இயன்ற வழி இருக்கிறது.

முதலாவது, பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் தாம் படித்த தமிழ்ப் பள்ளிக்கு, ஓராண்டுக் காலம், வாரம் ஒரு நாளேனும் சென்று பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம். கற்பிக்கும் அனுமதி என்பதே பட்டத்தின் முதற் பொருள் என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது, விருந்துச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து, அப்பள்ளி நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுக்கலாம். சுவரிற் படம் ஒன்று. பள்ளியில் அலமாரி ஒன்று. இரண்டாவதையும் பிறர் பார்ப்பார்கள்.

மூன்றாவது, கலை பயின்ற இளைஞர் தத்தம் தோட்டத்து முதியோரை அணுகி, அவர்கள் நினைவிலுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதிவைக்கலாம். பள்ளி நிதிக்குக் கொடுத்தவர் யார், பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்ப நகையை அடகு வைத்த தாய் யார், இரவில் விளக்கேற்றி வைத்துப் பாடஞ் சொன்ன கிராணி யார் என்று கேட்டு எழுதுங்கள். முதியோர் நாளுக்கு நாள் குறைகின்றனர்; நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

பட்டம் யாருடையது என்ற வினாவுக்கு விடை இதுவே: தாளில் ஒருவர் பெயர்தான் எழுதப்படும், அத்தாளுக்குக் கொடுத்தவர் பலர். ஆதலின், தோழர்களே, இவ்வாண்டு மேடையேறவிருக்கும் பிள்ளைகளுக்கு வாழ்த்துக் கூறும் போதே, திரும்பி வரும் பேருந்துக்கு நேரத்தையும் சொல்லிவைப்போம். தோட்டத்துப் பள்ளி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.